எருக்கிலைக்கு அலைந்தவர்கள்

எருக்கஞ்செடியை வெட்டுவதா விடுவதா என்கிற பேச்சு அந்த வீட்டில் மழை ஓய்ந்ததிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. பேச்சு நடந்ததே தவிர முடிவு வரவில்லை. முடிவு சொல்ல வேண்டியவன் டிரைவர். யார் எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பான். சொல்லும்போதே ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும்.

பஸ் டெப்போவில் அவனுக்கு வெந்நீர் என்று பட்டப்பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓரிடத்தில் நிற்க மாட்டான். டீயை நடந்துகொண்டே குடிப்பான். எதிராளி கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அடங்கிவிடுவான். அங்கே அவனுக்குப் பதிலாக பஸ் ஓடியது.

வீடு சந்தின் கடைசியில் இருந்தது. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சமையல்கட்டு. சமையல்கட்டின் பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, ஒரு சாக்கடை, அதற்கு அப்பால் மதில். சாக்கடைக்கும் மதிலுக்கும் இடையில் இருந்த ஒட்டுமண்ணில் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அந்த எருக்கு ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. சாம்பல் பூசியது போன்ற தடித்த இலைகள். கிள்ளினால் வெள்ளையாகப் பால் சொட்டும்.

முன்னறையில் டிரைவரின் அக்கா படுத்துக்கொண்டாள். புருஷன் வீட்டிலிருந்து இரண்டு பையோடு வந்தவள். "இனிமே அங்க போக மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று தம்பி கேட்கவில்லை. சலவைக்கூடம் ஒன்றில் விடுதி விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரி போடும் வேலை அவளுக்கு. பகலெல்லாம் வெக்கையில் நின்றுவிட்டு வந்து, டீ கிளாஸோடு பின்படியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். எருக்கிலைகளில் புழுக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட புழுக்கள். ஆரஞ்சு நிறத்தில் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து இலையின் அடிப்புறம் வாலை வளைத்து முட்டை வைத்துவிட்டுப் போகும். அதைப் பார்த்தபடி அவள் ஆறிப்போன டீயைக் குடிப்பாள்.

டிரைவரின் மனைவிக்கு வீட்டிலேயே வேலை. தையல் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். பொத்தான் தைத்து, நூல் பிசிறு வெட்டி அனுப்ப வேண்டும். ஊசி ஒரு கையில், நடக்கப் பழகிய மகள் மேல் ஒரு கண். "ஒரு நிமிஷம் குனிஞ்சா போதும், வாய்க்குள்ள பொத்தான் போயிடும்" என்று அவள் சொல்வது மிகையில்லை.

"அண்ணி, அந்தச் செடி வேண்டாம் அண்ணி. பாப்பா எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டு போறா."

"பின்கதவைச் சாத்தி வச்சா போச்சு, பாப்பாம்மா."

"சாத்தினா சமையல்கட்டுல நான் வெந்து சாகணும்."

"நான் ஒரு வேலி கட்டிடுறேன்."

"எப்போ? அக்காவும் தம்பியும் நல்லாத்தான் அமைஞ்சிருக்கீங்க. அவர் பார்ப்போம்பார், நீங்க கட்டிடுறேம்பீங்க."

காற்றுக்காலம் தொடங்கியிருந்தது. நாள் முழுக்க வறண்ட காற்று சந்துக்குள் புகுந்து கதவுகளை அடித்தது. வாயில் எப்போதும் மண் நெறுநெறுத்தது. மூன்று பேரும் வீட்டில் இருந்த ஒரு விடுமுறை நாளில், காற்றில் தானே திறந்துகொண்ட பின்கதவு வழியாகக் குழந்தை இறங்கிப் போய், ஒடித்த எருக்கிலையோடு திரும்பி வந்தது. விரலெல்லாம் வெள்ளை.

மனைவி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய்க் கையையும் வாயையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுதது கூட, அம்மா கத்தியதைப் பார்த்துத்தான். ஆனால் அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"இந்த வீட்ல புள்ளையை விட புழு பெருசாப் போச்சு!"

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றாள் அக்கா.

"வாயால வேற சொல்லணுமா? வந்த நாள்ல இருந்து அதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க!"

"எனக்குன்னு உக்கார இந்த வீட்ல வேற இடம் எது?"

டிரைவர் இருவருக்கும் நடுவில் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான், இவள் முகத்தைப் பார்த்தான். "பார்ப்போம்" என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டான். படியடியில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். பல நாள் கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தவன் போல வெட்டினான். அடித்தண்டில் ஓங்கிப் போட்டபோது பால் தெறித்து முகத்தில் பட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினான். குப்பை வண்டி வந்ததும் அள்ளிப் போட்டுவிட்டு வந்து, யாரிடமும் பேசாமல் சோறு தின்றான்.

"வலிச்சிருந்தா அப்பவே கழுவியிருப்பேன்" என்று பிற்பாடு கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னான். வலிக்கவில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டபோதுதான் பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. இடது கண்ணை மூடினால் எல்லாமே ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டன. மழையில் வைப்பர் வேலை செய்யாத பஸ் மாதிரி.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "எருக்கம்பால் பட்டா கருவிழி மரத்துப்போயிடும். அதனாலதான் வலி தெரியலை. உள்ள வீங்கியிருக்கு. விடாம சொட்டு மருந்து போடணும். தூசி படக் கூடாது."

"வண்டி ஓட்டலாமா?"

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா? ரோட்டுல போறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"பழையபடி வந்துடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் வந்துடும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தப் 'பெரும்பாலும்' மட்டும் அவர்களோடு ஏறிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து டிரைவர் வீட்டில் இருந்தான். கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி, அதைச் சுற்றி ஒட்டுப்பட்டை. முன்னறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தான். குழாயை இறுக்கினான், நன்றாக இருந்த குழாய் அன்றிலிருந்து ஒழுகியது. பொத்தான் தைக்கிறேன் என்று உட்கார்ந்து, சட்டையைத் தன் லுங்கியோடு சேர்த்துத் தைத்தான்.

"கொஞ்சம் படுங்களேன்" என்றாள் மனைவி.

"படுத்தா யோசனை வருது."

"நடந்தா?"

"நடந்தாலும் வருது. ஆனா பின்னாடி வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்டச் சொன்னது நான்தானே என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்ட விடாமல் இழுத்தடித்தது நான்தானே என்று சலவைக்கூடத்தில் விரிப்பை மடிக்கும்போது அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தட்டு வைக்கிற சத்தத்திலும் கதவு சாத்துகிற சத்தத்திலும் வேறு என்னவோ பேசிக்கொண்டார்கள்.

அந்தப் புழுக்கள் அப்போதுதான் வீட்டுக்குள் வரத் தொடங்கின.

வெட்டும்போது உதிர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒன்று பின்படி ஏறியது. ஒன்று சமையல்கட்டுச் சுவரில் ஊர்ந்தது. ஒன்று தண்ணீர்க் குடத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. மனைவி துடைப்பத்தைத் தூக்கினாள்.

"இரு, இரு" என்றான் டிரைவர்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னல் கம்பியில் ஏறிய ஒரு புழுவை. உச்சிவரை ஏறியது. தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவியது. ஒன்றும் அகப்படாமல் இறங்கி அடுத்த கம்பியில் ஏறியது. ஒற்றைக் கண்ணோடு அவனும் அதன் கூடவே ஏறி இறங்கினான்.

"ரூட் தெரியாம அலையுது பாரு. ஸ்டாப்பையே தூக்கிட்டோம்ல."

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டான். கொய்யா இலை போட்டான். செம்பருத்தி இலை போட்டான். மனைவி ஆய்ந்து வைத்திருந்த கீரையில் ஒரு பிடி எடுத்துப் போட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். புழுக்கள் எல்லா இலைகளின் மேலும் ஊர்ந்து, ஒன்றையும் கடிக்காமல் பெட்டியின் விளிம்புக்கு ஏறின.

அக்கா வேலை முடிந்து வந்ததும் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "தின்னாது."

"பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சொல்வாங்க. இதுக்கு மட்டும் என்ன வீம்பு?"

"புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுன்னும் அவங்கதானே சொன்னாங்க?" அக்கா தரையில் உட்கார்ந்தாள். "இது வேற இலையைத் தொடாது. எருக்கு, இல்லைன்னா அதே மாதிரி பால் வடியிற செடி. அம்மாக்காரி இலையைக் காலால தட்டிப் பாத்து, இதுதான்னு தெரிஞ்ச பிறகுதான் முட்டையே வைப்பா."

"அந்த விஷத்தையா தின்னும்?"

"விஷத்துக்காகத்தான் தின்னும். இதுங்களை அது ஒண்ணும் பண்ணாது. தின்னத் தின்ன இதுங்க உடம்புலயும் அந்தக் கசப்பு ஏறிடும். ஒரு குருவி அறியாம கொத்திட்டு துப்பினதை நானே பாத்தேன். அப்புறம் அது இந்தப் பட்டையைப் பாத்தாலே ஒதுங்கிப் போச்சு. ரெக்கை முளைச்ச பிறகும் அந்தக் கசப்பு போகாது. அந்த ஆரஞ்சுப் பூச்சி எவ்வளவு மெதுவா பறக்கும், பாத்திருக்கியா? பயமில்லை அதுக்கு."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"சலவைக்கூடத்துல மத்தியானம் டிவி ஓடும். பாதி அதுல. மிச்சம் இங்க உக்காந்து பாத்தது." அவள் ஒரு புழுவை விரலில் ஏற்றிக்கொண்டாள். "இலையைத் திங்கறதுக்கு முன்னாடி நரம்பைக் கடிச்சு விடும். பால் வடிஞ்ச பிறகுதான் வாயை வைக்கும். நேரா போய்க் கடிச்சா அந்தப் பாலே வாயை ஒட்டிடும்."

டிரைவர் கண்மூடியைத் தொட்டுக்கொண்டான். "அதுக்கு இருக்குற அறிவு எனக்கு இல்லாம போச்சே."

சமையல்கட்டிலிருந்து மனைவி சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படியே விட்டா?" என்றான் அவன்.

"செத்துடும்."

அவன் எழுந்துவிட்டான். "எருக்கு எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தினமும் பாத்துக்கிட்டுத்தானே போறேன். நாளைக்கு உனக்கு மத்தியானத்துக்கு மேலதானே வேலை?"

"கண்ணுல தூசி படக் கூடாதுன்னு—"

"கண்ணாடி போட்ட ஹெல்மெட்டைப் போட்டுக்கறேன். வீட்ல இருந்தா எனக்கு மண்டைக்குள்ள தூசி படுது."

காலையில் அக்காவும் தம்பியும் அவன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறினார்கள். வேறொருவன் ஓட்டினான். மடியில் ஹெல்மெட்டோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஆளைச் சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெந்நீரண்ணே, பஸ் கவுந்துடும்னு பயமா?" என்றான் கண்டக்டர். பிறகு கண்மூடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எப்படிண்ணே இருக்கு?"

"பெரும்பாலும் நல்லா இருக்கு."

ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் வலது கால் தரையை மிதித்தது. "லேட்டா மிதிக்கிறான்... கியரை மாத்துடா... ஐயோ, அந்தப் பள்ளம்..." பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் சீட்டில் இருந்த பெண் திரும்பி, "பிரேக் உங்க பக்கம் இல்லைங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

டெப்போவின் பின்பக்கம் இருந்த எருக்குக்குப் பதில் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். மேம்பாலத்தின் அடியில் தூணுக்கு வர்ணம் அடித்து, பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கிற செடிகளைத் தொட்டியில் வைத்திருந்தார்கள். ரயில் வேலி ஓரம் முழுவதும் தீ வைத்துக் கறுப்பாய்க் கிடந்தது. "போன வாரம்கூட இருந்துச்சுக்கா" என்று ஒவ்வொரு இடத்திலும் அவன் எழுந்து எழுந்து பார்த்தான். அந்த அவசரம் புழுவுக்கானது மட்டும் இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"கண்ணு சரியாகலைன்னா என்ன செய்வாங்க உன்னை?"

"டெப்போவுல பஸ் கழுவச் சொல்லுவாங்க. நின்னுக்கிட்டு. நான் நிப்பேனா?"

அக்கா வெளியே பார்த்தபடி சொன்னாள்: "சலவைக்கூடத்துக்குப் பின்னால ஒரு ரூம் காலியா இருக்கு. முதலாளிகிட்ட கேட்டுட்டேன். மாசம் பொறந்ததும் போயிடுறேன்."

அவன் கால் மிதிப்பதை நிறுத்தியது. "அவ ஏதாவது சொன்னாளா?"

"அவ என்ன சொல்லுவா? அவ கேட்டது நியாயம். புள்ளை இருக்குற வீட்ல அந்தச் செடி கூடாது. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் இழுத்தடிச்சேன். பாக்குறதுக்கு ஒண்ணு இருந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கு உன் கண்ணைக் குடுத்துட்டேன்."

"நீ குடுக்கலை. அவளும் குடுக்கலை." அவன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பி உருட்டினான். "பாப்பாவுக்காகன்னு வெட்டியிருந்தா பொறுமையா, கையில துணி சுத்திக்கிட்டு வெட்டியிருப்பேன். நான் வெட்டினது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க முடியாம. ஓடிப்போக வேற வழி இல்லைன்னு வெட்டினேன். நீ போயிட்டா அவ என்ன நினைப்பா? தான்தான் துரத்தினோம்னு நினைப்பா. அப்புறம் நான் அதுக்கும் நடுவுல நிக்கணும்."

அக்கா போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினார்கள். பாதியில் விட்ட கட்டடம் ஒன்று அங்கே நின்றது. துருப்பிடித்த கம்பிகள், மணல்மேடுகள், அவற்றைச் சுற்றி இடுப்பளவுக்கு, தோளளவுக்கு, எங்கு பார்த்தாலும் எருக்கு. காற்றில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் அவசரமே இல்லாமல் திரிந்தன.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினான். அக்கா சலவைக்கூடத்து ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டாள். அவள் பறிக்க, அவன் பையைப் பிடித்தான். "ஒடிக்காதேக்கா, மெதுவா... மூஞ்சியைத் திருப்பிக்கோ..." என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

வீட்டில் பெட்டிக்குள் இலையைப் போட்டதும் புழுக்கள் ஒரு நொடி தாமதிக்கவில்லை. டிரைவர் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணைப் பெட்டிக்குக் கிட்டே வைத்துக்கொண்டான். ஒரு புழு நடுநரம்பைக் கடித்தது. பால் துளிர்த்தது. புழு சற்றே விலகி, நுனிப்பக்கம் போய்த் தின்னத் தொடங்கியது. வாய் அசைகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. வீட்டோடு இருக்க நேர்ந்த பிறகு அவன் அசையாமல் கிடந்தது அப்போதுதான்.

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் நின்றாள்.

"வெளியில இருந்ததை வீட்டுக்குள்ளயே கொண்டு வந்துட்டீங்க."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் கத்தினது எல்லாம் யார் காதுலயும் விழலை இல்ல? அன்னைக்கு அவ விரலைக் கழுவும்போது என் கை எப்படி நடுங்குச்சுன்னு யாராவது பாத்தீங்களா? ஒண்ணும் ஆகலைன்னதும் ரெண்டு பேரும் என்னைத்தான் பாத்தீங்க, இவ ஏன் இப்படிக் கத்துறான்னு. இப்ப உங்க கண்ணும் போயி... வெட்டச் சொன்னவ நான்தானேன்னு நான் தூங்கறதே இல்லை. நீங்க என்னடான்னா அதுங்களுக்கு விருந்து வைக்கிறீங்க."

அக்கா எழுந்தாள். பெட்டியைத் தூக்கினாள். சமையல்கட்டுப் பரணில், கை எட்டாத உயரத்தில், பழைய வலைத்துணியால் மூடி வைத்தாள். தரையில் சிந்தியிருந்த பாலை ஈரத்துணியால் துடைத்தாள். துணியைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு, கையுறையைக் கழட்டி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். கழுவிய கையை மனைவியின் முன் நீட்டினாள், சோதித்துக்கொள் என்பதுபோல.

"இதுங்க கூடு கட்டுற வரைக்கும்தான், பாப்பாம்மா. அப்புறம் இலையே வேண்டாம். செடி இங்க இனிமே வராது. நானும் மாசம் பொறந்தா போயிடுறேன்."

"எங்க போறீங்க?"

அக்கா சொன்னாள். மனைவி கேட்டுக்கொண்டாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

மறு சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா, "வீக்கம் குறையுது, மங்கல் இன்னும் முழுசா போகலை" என்றார். அன்று மத்தியானம் இலை தீர்ந்துபோனது. வளர வளரப் புழுக்கள் பெருந்தீனிக்காரர்கள் ஆகிவிட்டிருந்தன. பையைக் கவிழ்த்தால் காம்புகள்தான் உதிர்ந்தன. அக்கா வேலையில் இருந்தாள். வெளியே காற்று மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் சட்டையை மாட்டினான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும். போன காலோட வந்துடுறேன்."

"இந்தக் காத்துலயா? இன்னொரு கண்ணையும் கெடுத்துக்கிட்டு வர்றதுக்கா?" அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். "குடுங்க அந்த ஹெல்மெட்டை."

"நீயா?"

"பாப்பா தூங்கறா. எழுந்தா பாலைக் குடுங்க. பொத்தான் மூட்டையைத் தொட விடாதீங்க. நடந்துக்கிட்டே இருக்காம ஒரு இடத்துல உக்காருங்க, அவளும் உக்காருவா."

அவள் அந்த வழியில் அவ்வளவு தூரம் போனதே இல்லை. கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எருக்குக்குள் நுழைந்தபோது, கட்டடத்துக் காவல்காரர் கம்பை ஊன்றி எழுந்து வந்தார்.

"யாரும்மா நீ? எருக்கிலை எதுக்கு, வைத்தியத்துக்கா?"

"இல்லைங்க. சாப்பாட்டுக்கு."

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "எங்களுக்கு இல்லை பெரியவரே. வீட்ல புழு வளக்கறாங்க, எங்க அண்ணி."

குனிந்து ஓர் இலையைப் பிடித்தாள். அடியில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளையாய் ஒரு முட்டை ஒட்டியிருந்தது. அந்த இலையை விட்டுவிட்டாள். அடுத்ததைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்துத்தான் பறித்தாள். பக்கத்துச் செடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி இலை இலையாகத் தொட்டுத் தொட்டு, வேண்டாம் வேண்டாம் என்று தாண்டிப் போய், ஓரிடத்தில் நின்று வாலை வளைத்தது. இத்தனை பெரிய காட்டில் அதற்கு இன்னும் திருப்தியில்லையே என்று நினைத்தாள். தன் வீட்டில் கதவைச் சாத்தி, திரும்பிப் போய்ச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பை நிறைந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போய் முகம் கோணியிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி?"

"நீ போனதுல இருந்து. அசைஞ்சா எழுந்துடுவான்னு அசையலை."

அதன் பிறகு இலைக்குப் போகிற வேலை அவளுடையதாகிவிட்டது. சாயங்காலம் அக்கா வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினால், அவளும் தள்ளி நின்று பார்ப்பாள். "இது ஏன் அண்ணி தின்னாம கிடக்கு?" "தோல் உரிக்கப் போகுது." "அதுக்குக் காய்ச்சல் மாதிரியா?" "அப்படித்தான் வச்சுக்கோ." பேச்சு அந்த அளவில் நின்றுவிடும். அக்காவின் இரண்டு பைகளும் முன்னறை மூலையில் கட்டித் தயாராக இருந்தன. அவற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை.

புழுக்கள் ஒவ்வொன்றாக வலைத்துணிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கின. கூடாயின. பச்சைக் கூட்டில் தங்கப் பொட்டு வைத்தது போலப் புள்ளிகள். தொடர்ந்து நச்சரித்த காற்றும் ஓய்ந்தது. டிரைவரின் கண்ணிலிருந்து மங்கல் மெல்ல மெல்ல விலகியது. பல்பைச் சுற்றியிருந்த வளையம் ஒருநாள் காணாமல் போனது. டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, "வண்டி எடுக்கலாம்" என்றார். "கொஞ்ச நாளைக்கு ராத்திரி வண்டி மட்டும் வேண்டாம்." டெப்போவில் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை அவன் படித்த வேகத்தைப் பார்த்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறானா என்று சந்தேகப்பட்டு, பலகையை மாற்றிப் படிக்கச் சொன்னார்கள். அதையும் படித்தான்.

அவன் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். டீயை நின்றபடி வாயில் ஊற்றிக்கொண்டு விடிந்ததும் ஓடினான். அக்காவும் சீக்கிரமே போய்விட்டாள். மனைவி சட்டை மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தவள், எதற்கோ நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். ஒரு கூடு கறுத்திருந்தது. கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சு நிறம் தெரிந்தது. செத்துப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி மேசையில் வைத்தாள். அப்போது கூடு அசைந்தது.

அவள் சலவைக்கூடத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணி! கூடு கறுத்துப்போச்சு, அசையுது!"

பின்னால் நீராவி சீறுகிற சத்தம். "பயப்படாதே, வெளியே வரப் போகுது. தொடாதே. பாப்பா எங்க?"

"இடுப்புல இருக்கா. அண்ணி, வெடிச்சிடுச்சு... காலை வெளிய வைக்குது... ஐயோ, ரெக்கையே இல்லையே அண்ணி! சுருங்கிப்போயி, நனைஞ்ச துணி மாதிரி இருக்கு. ஊனமாயிடுச்சா?"

"இல்லை, இல்லை. அப்படித்தான் வரும். தொங்குதா?"

"தொங்குது. கூட்டையே பிடிச்சுக்கிட்டு."

"விட்டுடு. தானா விரியும். நீ பாத்துக்கிட்டே இரு."

அவள் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். சுருக்கம் நீங்குவதை, ஓரத்துக் கறுப்பு தெரிவதை, கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் வருவதை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். மறுமுனையில் அக்கா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். "இதோ வரேன்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. குழந்தை கையை நீட்டியது. "தொடக் கூடாது கண்ணு, பாக்க மட்டும்தான்" என்று அதன் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துப் பூச்சி இறக்கையை ஒருமுறை திறந்து மூடியது. மறுபடி திறந்தது. மேசையிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து வெளியே.

"பறந்துடுச்சு அண்ணி."

"எந்தப் பக்கம் போச்சு?"

"மதிலைத் தாண்டிடுச்சு. தெரியலை." அவள் எட்டிப் பார்த்தாள். "கடைசி ஸ்டாப்புக்குத்தான் போகணும். வேற எங்க போகும்?"

அக்கா சிரித்தது கேட்டது.

"அண்ணி, இன்னும் ரெண்டு கூடு நிறம் மாறிக்கிட்டு இருக்கு. நாளைக்கு வந்துடும் போல. என்னால தனியா பாக்க முடியாது. எனக்கு நெஞ்செல்லாம் அடிச்சுக்குது." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "நாளைக்கு நீங்க வீட்ல இருங்க. நாளைக்குன்னு இல்லை... இங்கயே இருங்க."

மறுமுனையில் நீராவி ஒருமுறை சீறி அடங்கியது. பிறகு அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே யாரிடமோ பேசியது கேட்டது.

"முதலாளி, எனக்கு நாளைக்கு லீவு வேணும்."

"இந்த வேலை நெருக்கடியிலயா? அப்படி என்ன தலைபோற காரியம்?"

"எங்க வீட்ல விசேஷம்" என்றாள் அக்கா.